காற்று உடன்வந்த நாள்

1839ஆம் ஆண்டு செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில், மெரிமாக் ஆற்றங்கரையில் கூடாரமிட்டுத் துயின்ற உடன்பிறந்தார் இருவர் விடியுமுன்னே கண்விழித்தனர். மரங்களில் காற்றின் ஓசை மாறியிருந்தது. ஒரே இரவில் கோடை கழிந்து இலையுதிர்காலம் புகுந்துவிட்டதை அவ்வோசையைக் கொண்டே இளையவர் அறிந்துகொண்டார். அவர்தாம் ஹென்றி டேவிட் தோரோ. அப்போது அவருக்கு 22 வயது. மூத்தவர் பெயர் ஜான்.

அவர்கள் வந்த படகு தங்கள் கைகளாலேயே ஒரு வார உழைப்பில் செய்தது. நீளம் 15 அடி, அகலம் மூன்றரை அடி. அடியில் பச்சை நிறம், விளிம்பில் நீலம். பாய்மரங்கள் இரண்டு, இரவில் அவற்றுள் ஒன்றே கூடாரக் கம்பமாகிவிடும். தம் தோட்டத்து உருளைக்கிழங்கும் முலாம்பழமும் ஏற்றிக்கொண்டு, ஆகஸ்டு 31 அன்று கன்கார்டு என்னும் தங்கள் ஊரிலிருந்து ஆற்றிலும் மிடில்செக்ஸ் கால்வாயிலுமாகப் புறப்பட்டவர்கள், நியூ ஹாம்ப்ஷயர் மலைகளைக் கண்டு இப்போது வீடு திரும்புகின்றனர். வடகாற்று முதுகுப்புறம் நின்று தள்ளிற்று. பாயும் துடுப்புமாக அந்த ஒரே நாளில் ஏறக்குறைய 50 மைல் கடந்தனர். இருட்டி நெடுநேரமான பின்னரே ஊர்த்துறையை அடைந்தனர்.

இரண்டு ஆண்டுக்கு மேல் சென்றது. 1842ஆம் ஆண்டுப் பிறப்பன்று, சவரக்கத்தி தீட்டுகையில் ஜானின் விரலில் சிறு கீறல் ஏற்பட்டது. அது விறைப்புநோயாக மாறிற்று. சனவரி 11ஆம் நாள் அவர் இறந்தார். சில நாளில், உடலில் ஒரு காயமும் இல்லாத தம்பிக்கும் அதே நோயின் அறிகுறிகள் தோன்றின. துயரம் உடலையும் எவ்வளவு தூரம் பற்றிக்கொள்ளும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

துக்க வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்றுண்டு. "வேளாங்கண்ணிக்கு எல்லாரும் சேர்ந்து போய்வந்தோமே, சாமி, அதுதான் கடைசியென்று தெரியாமல் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தோமே!" சிரித்ததையே குற்றமாக எண்ணி அழுகின்றனர். பின்னர் வந்த சாவு முன்னர் வந்த மகிழ்ச்சியைப் பொய்யாக்கிவிடுகிறதா என்பதே அவ்வழுகையின் உள்ளே இருக்கும் வினா. நாம் அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது.

ஒருவனுடைய முடிவைக் காணுமுன் அவனை இன்புற்றவன் என்று சொல்லலாகாது என்பது கிரேக்க ஞானி சோலோனின் கருத்து. சீராக்கின் ஞானநூல் பதினொன்றாம் அதிகாரத்திலும் இதனையொத்த எச்சரிக்கையைக் காண்கிறோம். அரிஸ்டாட்டில் இதை எடுத்து ஆராய்கையில் தயங்குகிறார். இன்பமாயிருக்கும்போது சொல்லக்கூடாத உண்மையை, அவன் மடிந்தபின் மட்டும் எப்படிச் சொல்வது என்று கேட்கிறார். அந்தத் தயக்கமே நமக்குச் சரியாகப் படுகிறது. முழு வாழ்வையும் நிறுத்துப் பார்க்கச் சோலோனின் அளவுகோல் பயன்படலாம். ஒரு நாளை நிறுக்க அது உதவாது.

புனித தோமா அக்குவினாசு தம் இறையியல் தொகுப்பில் வேறொரு வாசலைத் திறக்கிறார். நடந்த ஒன்றை நடவாததாக்க இறைவனாலும் ஆகுமோ என்று வினவி, ஆகாது என்கிறார். முரண்பாடான ஒன்று ஆற்றலின் எல்லைக்குள் வருவதன்று. குருமடத்தில் இதைப் படித்தபோது நாமெல்லாம் பாவத்தைப் பற்றியே எண்ணினோம்: பாவம் மன்னிக்கப்படும், ஆனால் நடவாததாகிவிடாது. அதே வாதம் மகிழ்ச்சிக்கும் பொருந்துமன்றோ? எல்லாம் வல்லவராலேயே அழிக்கவியலாத அந்த வெள்ளிக்கிழமையை ஒரு சவரக்கத்தியா அழித்துவிடும்?

அந்த நாள் மாசற்றதாய் இருந்ததென்றும் எண்ண வேண்டா. அந்தக் கோடையிலேயே இருவர் மனமும் ஒரே பெண்ணின்மீது சென்றிருந்தது. மறு ஆண்டு முதலில் அண்ணனும் பின்னர் தம்பியும் அவளை மணம் கேட்டனர், இருவருக்கும் கைகூடவில்லை. ஆயினும் ஒரே படகில் அமர்ந்து ஒருவர் பாயைப் பார்க்க மற்றவர் திசையைப் பார்த்துத்தான் வந்தனர். குறையே இல்லாத நாளைத்தான் நல்ல நாள் என்போமாயின், நம் குடும்பங்களில் எவருக்கும் அப்படியொரு நாள் வாய்க்கப் போவதில்லை.

தோரோ பின்னர் வால்டன் குளக்கரையில் தங்கியிருந்த நாள்களில் இப்பயணத்தை எழுதினார். இரண்டு வாரத்தை ஒரு வாரமாகச் சுருக்கினார். 1849இல் நூல் வெளிவந்தது. அச்சான 1000 படிகளில் 706 விற்காமல் 1853இல் அவரிடமே திரும்பின. திருச்சபைகளைப் பற்றி அதில் அவர் சொல்வன பல நமக்கு உவப்பானவையல்ல. ஞாயிற்றுக்கிழமை பயணம் செய்ததற்காகப் பலர் முகம் சுளித்ததையும், கால்வாய் மதகுக்காரர் ஒருவர் மட்டும் ஓய்வுநாளென்று பாராமல் மதகைத் திறந்துவிட்டதையும் அவர் மறக்காமல் குறித்திருக்கிறார். (அந்த மதகுக்காரரை நாமும் மனமாரப் பாராட்டுகிறோம்.) ஆனால் அண்ணன் இறந்த கதையை அவர் அந்நூலில் சொல்லவே இல்லை. 'நாங்கள்' என்றே எழுதிச் செல்கிறார். அது மறைப்பு என்று சிலர் கூறக்கூடும். நமக்கோ அது நேர்மையாகத் தோன்றுகிறது. அந்த நாளில் சாவு இருக்கவில்லை. இல்லாததை அதற்குள் திணிக்க அவர் மறுத்துவிட்டார்.

ஜான் இறந்த அதே ஆண்டில் தோரோ அந்தப் படகை எழுத்தாளர் நத்தானியல் ஹாதார்னுக்கு ஏழு டாலருக்கு விற்றார். புதிய உரிமையாளர் அதற்கு வேறு பெயரும் சூட்டிவிட்டார். நூலிலோ படகு இன்னும் கன்கார்டு துறையில்தான் நிற்கிறது. சகோதரர் இருவரும் கரையில் குதித்து, அதை இழுத்து, காட்டு ஆப்பிள் மரம் ஒன்றில் கட்டுகின்றனர். வசந்தகால வெள்ளத்தில் படகு ஆடியாடி அதன் சங்கிலி தேய்த்த தடம் அம்மரத்தில் அப்போதும் மாறாமல் இருந்ததாம்.