கரையேறியவர் கடமை

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் பாம்பரோ என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1938-இல் திறக்கப்பெற்ற சிறிய அருங்காட்சியகம் ஒன்றைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மன்னர்தம் மணிமுடியோ வாளோ அங்கில்லை; காட்சிப் பொருள்களுள் தலையாயது ஒரு பழைய மரப்படகே.

1838 செப்டம்பர் 7-ஆம் நாள் விடியற்காலையில், ஃபார்ஃபார்ஷயர் என்னும் நீராவிக் கப்பல் ஃபார்ன் தீவுப் பாறையொன்றில் மோதிப் பிளந்தது. கலங்கரை விளக்கக் காவலர் வில்லியம் டார்லிங்கும், அவர்தம் மகள் கிரேஸ் என்னும் 22 வயது நங்கையும் இப்படகில் துடுப்பேந்திச் சென்றனர். தந்தை பாறைமேல் தாவ, கொந்தளிக்கும் கடலில் மகள் தனியளாய்ப் படகை நிலைநிறுத்தினாள். நாடே அவளைக் கொண்டாடியது. 1842-இல், 26-ஆம் வயதில், காசநோய் அவளைக் கவர்ந்துகொண்டது.

கிரேஸின் புகழுக்கு என் சொல் வேண்டுவதில்லை. என் நெஞ்சம் வேறு சிலரிடம் சென்று நின்றது. பாறையில் உயிரோடிருந்தோர் ஒன்பதின்மர், படகோ சிறிது. முதன்முறை ஐவரே மீண்டனர். அவருள் ஒருத்தி, தன் குழந்தைகள் இருவரையும் அவ்விரவிலேயே பறிகொடுத்த தாய். அவர்களைப் பேணக் கிரேஸ் கலங்கரை விளக்கத்திலேயே தங்கினாள். எஞ்சிய நால்வரை மீட்க வில்லியம் மீண்டும் புறப்பட்டபோது, அவருடன் துடுப்பு வலித்தவர் யார்? சற்றுமுன் மீட்கப்பட்ட மாலுமிகளே!

தப்பினோம், பிழைத்தோம் என்று அவர்கள் அமர்ந்திருந்தால் யார் குறை கூறியிருப்பர்? அரிதிற் கிடைத்த உயிரைக் காத்துக்கொள்வதும் அறமே அன்றோ எனலாம். ஆயின், அப்பாறையின் குளிரை அறிந்தவர் அவர்களே. அங்கே காத்திருப்போரின் ஒவ்வொரு நொடியும் எத்தகையது என்பதை அறிந்தவரும் அவர்களே. அறிந்தபின் வாளா இருத்தல் எளிதன்று. கிரேஸுக்குப் பட்ட கடனை அவளிடமே திருப்பித் தருதல் இயலாது. இன்னும் பாறையில் இருப்போரிடமே அதனைச் செலுத்தல் கூடும்.

அந்த அருங்காட்சியகத்தை நடத்துவது 1824-இல் தோன்றிய உயிர்காப்புப் படகுச் சங்கம். அதன் படகோட்டிகளுள் மிகப் பலர் இன்றும் ஊதியம் பெறாத தொண்டர்களே.

பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த நம்மையும் முதல்நாளில் யாரோ ஒருவர் கைதூக்கி விட்டிருப்பார். தம் சிற்றறையில் பாய் விரிக்க இடம் தந்திருப்பார். நாம் கரையேறிவிட்டோம். ரயிலடியில் இன்று பெட்டியுடன் திகைத்து நிற்பவனைக் காணும்போது, நம் கை துடுப்பைத் தேடுகிறதா?