ஆழத்திலும் அவன் அறிகிறான்



இலத்தூரிலும் தென்காசிச் சுற்றுப்புறத்திலும் வாழும் நமக்குக் கடல் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிறது. ஆயினும் அரபிக் கடலோடு நமக்குள்ள உறவு அற்றுப் போகவில்லை. ஆனி, ஆடி மாதங்களில் மலைக் கணவாய் வழியே வந்து குற்றாலத்தில் சாரலாகப் பொழிவது அந்தக் கடலின் ஈரமே. அந்தக் கடலைக் கடந்து போய் மஸ்கட்டிலும் சலாலாவிலும் பாடுபடுகிறவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளே.

அதே கடலைக் கடந்து நம் பக்கம் வந்து திரும்பிய ஒரு ஜீவனைப் பற்றி இம்மாதம் சிந்திப்போம்.

2017 நவம்பரில் ஓமன் நாட்டின் மஸீரா வளைகுடாவில், ஒரு பெண் திமிங்கிலத்தின் முதுகில் ஆய்வாளர்கள் சிறியதொரு மின்னணுக் கருவியைப் பொருத்தினார்கள். கூன்முதுகுத் திமிங்கிலம் என்னும் இனத்தைச் சேர்ந்தது அது. அதற்கு லுபான் என்று பெயரிட்டார்கள். அரபியில் லுபான் என்றால் குந்துருக்கம். டிசம்பரில் லுபான் கிழக்கே புறப்பட்டது. அரபிக் கடலைக் குறுக்கே கடந்து கோவாக் கரையோரம் வந்தது. அங்கிருந்து தெற்கே இறங்கி இந்தியாவின் தென்முனை வரை வந்தது. பிறகு 2018ன் தொடக்கத்தில் ஓமன் கடலுக்கே திரும்பிச் சென்றது. அந்தக் கரைத் திமிங்கிலம் இந்தக் கரைக்கும் வந்து போகும் என்பது அதுவரை கண்ணால் கண்டு உறுதி செய்யப்படாத செய்தி.

இந்த முயற்சி வீண் வேடிக்கையன்று. ஓமன் கடலோரத்தில் இந்த இனத்தில் சுமார் 82 திமிங்கிலங்களே இருக்கும் என்று 2000 முதல் 2004 வரை எடுத்த படங்களைக் கொண்டு மதிப்பிட்டார்கள். அவை எங்கே இரை தேடுகின்றன, எந்த இடத்தில் கப்பல் வழியிலும் மீன் வலையிலும் சிக்குகின்றன என்று தெரிந்தால்தானே காப்பாற்ற முடியும்? அல்லாஹ்வின் படைப்பைக் காக்கும் எண்ணத்தோடு தேடும் அறிவு போற்றத்தக்கதே.

ஆனால் இந்தக் கருவிக்கு ஓர் எல்லை உண்டு. அது அனுப்பும் வானொலி அலை உப்புத் தண்ணீரை ஊடுருவிச் செல்லாது. மூச்சு வாங்கத் திமிங்கிலம் மேலே வரும்போது, கருவியின் கம்பி தண்ணீருக்கு வெளியே தெரியும் அந்தச் சில விநாடிகளில்தான் வானத்துச் செயற்கைக்கோளுக்குச் செய்தி போகும். மறுபடியும் மூழ்கிவிட்டால் மௌனம்தான்! சில வாரங்களிலோ மாதங்களிலோ கருவியும் கழன்று விழுந்துவிடும். பிறகு ஒன்றும் தெரியாது.

சகோதரர்களே! மனிதனுடைய அறிவு மேல்மட்டத்து அறிவு. அல்லாஹு தஆலாவின் அறிவோ அப்படியன்று. தரையிலும் கடலிலும் உள்ளவை யாவும் அவன் அறிவில் அடங்கியவை, ஓர் இலை உதிர்வதும் அவனுக்குத் தெரியாமல் இல்லை என்று அன்ஆம் சூரா நமக்கு உணர்த்துகிறது. ஒவ்வொரு ஜீவனின் ரிஸ்கையும் பொறுப்பேற்றுள்ள அவனுக்கு அது தங்கும் இடமும் சேரும் இடமும் தெரியும் என்பதை ஹூது சூரா போதிக்கிறது. லுபான் மேலே வந்தாலும் அவன் அறிவான். ஆழத்தில் கிடந்தாலும் அறிவான்.

இதே கடலில் நடந்த இன்னொரு சம்பவமும் உண்டு. 1966 நவம்பரில் சோவியத் நாட்டின் வேட்டைக் கப்பல்கள் அரபிக் கடலில் இந்த இனத்துத் திமிங்கிலங்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் கொன்று குவித்தன. வேட்டையை ஒழுங்குபடுத்த அமைந்த சர்வதேசக் குழுவுக்கு அந்நாடு நீண்ட காலம் பொய்க் கணக்கே கொடுத்து வந்தது. யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தார்கள்! கரை தெரியாத நடுக்கடல். சாட்சி சொல்ல ஆளில்லை. ஆனால் கப்பலில் இருந்த விஞ்ஞானிகள் எழுதி வைத்த உண்மைக் கணக்கு அழியவில்லை. 1990களில் அது வெளியே வந்தது. உலகமே பார்த்தது.

இவ்வுலக ஏடே இப்படி வெளிவருமானால், கிராமன் காத்திபீன் எழுதும் ஏடு மஹ்ஷரில் விரிக்கப்படாமலா போகும்?

இனி நம்மை நாமே பார்ப்போம். மேல்மட்டத்தில் நாமெல்லாம் நல்லவர்கள்தாம். ஜும்ஆவில் முன் ஸஃப்பில் நிற்கிறோம். வெளிநாட்டிலிருந்து பேசும்போது தொழுகையைப் பற்றித்தான் முதலில் கேட்கிறோம். ஆனால் ஆழத்தில் என்ன கிடக்கிறது?

வாப்பா மவுத்தான பிறகு, தங்கையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய வீடுகள் நம்மிடையே இல்லையா? "சீர் செய்து கட்டிக் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன பங்கு?" என்று பேசி, அவள் வாயை அடைத்தவர்கள் இல்லையா? அண்ணன் தம்பி உறவு அறுந்துவிடுமே என்ற பயத்தில் அவள் போட்ட கையெழுத்து மனமொப்பிக் கொடுத்ததாகுமா? வில்லங்கம் போட்டுப் பார்த்தால் சொத்து சுத்தமாகத்தான் இருக்கும். சர்க்கார் ஏட்டில் குற்றமில்லை. நிஸா சூராவில் அல்லாஹ் விதித்த பங்கை எந்தப் பத்திரம் ரத்து செய்யும்? அதுவும் ஒரு பொய்க் கணக்கே அல்லவா?

நாம் அல்லாஹ்வைப் பார்ப்பதுபோல் வணங்க வேண்டும். அந்நிலை கூடாவிட்டால், அவன் நம்மைப் பார்க்கிறான் என்ற உணர்வாவது வேண்டும். இஹ்ஸான் என்பதற்கு நாயகம் (ஸல்) அவர்கள் தந்த விளக்கத்தின் கருத்து இதுதான். இது முஸல்லாவில் மட்டும் இருக்க வேண்டிய உணர்வன்று. பத்திரத்தின் முன்னும், தராசின் முன்னும், ஆளில்லாத அறையிலும் இருக்க வேண்டியது.

அல்லாஹ் ஆழத்தையும் அறிகிறான் என்பது அச்சம் தருவது மட்டுமன்று. அதில் பெரிய ஆறுதலும் இருக்கிறது. யூனுஸ் நபி (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். இரவின் இருட்டு, கடலின் இருட்டு, மீன் வயிற்றின் இருட்டு என்று முஃபஸ்ஸிர்கள் விளக்கும் அந்த இருள்களுக்குள் இருந்து, தம் பிழையை ஒப்புக்கொண்டு அழைத்தார்கள். எந்தக் கருவிக்கும் எட்டாத ஆழத்திலிருந்து எழுந்த அந்தக் குரல் அர்ஷின் அதிபதிக்கு எட்டியது. அவன் அவர்களைக் கரை சேர்த்தான்.

ஆகவே, எவ்வளவு ஆழத்தில் கிடந்தாலும் அங்கிருந்தே அவனை அழைக்கலாம். ஆனால் அடியாரின் உரிமையைப் பறித்த பாவத்துக்கு அழுகை மட்டும் போதாது. பறித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தங்கை உயிரோடிருக்கும்போதே அவள் வாசலுக்குப் போவோம். அவள் இல்லையென்றால் அவள் பிள்ளைகளின் வாசலுக்குப் போவோம். நம் ஏடு மூடப்படுமுன் கணக்கைத் திருத்திக்கொள்வோம்.

அந்தரங்கத்தையும் பகிரங்கத்தையும் ஒன்றாக அறியும் ரஹ்மான், நம் உள்ளையும் வெளியையும் ஒன்றாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.