உங்க காசைத்தானுங்க கேக்கறீங்க!

கேளுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். கைமாத்து இல்லை, நன்கொடை இல்லை, உங்கள் கையால் எண்ணிக் கொடுத்த பணம். கொடுத்த காசுக்கு உருப்படியான பொருள் வரவில்லை, அதனால் திருப்பிக் கேட்கிறீர்கள். இதில் கூச்சப்பட வேண்டியவர் யாராவது உண்டென்றால் அவர் மேசைக்கு அந்தப்பக்கம் இருக்கிறார்.

ஆனி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாயில் காற்று புகுந்துவிடும். பொள்ளாச்சியில் தென்னை ஒருபக்கமாகச் சாயும், உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலை நிற்காமல் சுற்றும். நம் பாட்டன் காலத்திலிருந்து அடிக்கிற காற்று. ஷெட் போட்டுக் கொடுக்கிறவருக்கும் இது தெரியும். தெரிந்தும், சாளையை ஒட்டி அவர் நிறுத்திவிட்டுப் போன தகர ஷெட்டின் கூரை முதல் ஆடியிலேயே பிய்த்துக்கொண்டு பக்கத்துக் காட்டில் போய் விழுகிறது. போன் போட்டால், “காத்து அடிச்சதுக்கு நான் என்னுங்க பண்றது?” என்கிறார். நீங்களும் கொஞ்ச நேரம் பொருமிவிட்டு, “போனாப் போவுது உடு” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறீர்கள்.

ஏன் போக வேண்டும்? யார் வீட்டுக் காசு? பால் ஊற்றியும் தேங்காய் போட்டும் தறி ஓட்டியும் சேர்த்த பணம் அது. ரெண்டு லட்சம், மூணு லட்சம் என்பது உங்கள் வீட்டில் ஒரு பிள்ளையின் கல்லூரிச் செலவு.

காற்றைக் காட்டி மிரட்டுகிறவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். கட்டுமானங்கள் எவ்வளவு காற்றைத் தாங்க வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு தரநூல் வைத்திருக்கிறது. ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. அதில் ஊர்வாரியாக அடிப்படைக் காற்று வேகம் போட்டிருக்கிறது. கோயம்புத்தூருக்கு நேரே உள்ள எண், நொடிக்கு 39 மீட்டர். மணிக்கணக்கில் பார்த்தால் 140 கிலோமீட்டர். ஆடிக்காற்று இதன் கிட்டேகூட வராது. “எந்த வேகத்துக்குக் கணக்குப் போட்டு டிரஸ் அடிச்சீங்க?” என்று ஒரே கேள்வி கேட்டுப் பாருங்கள். கணக்கே போடாதவர் முகத்தில் அது தெரிந்துவிடும். புயலே வந்து பத்து ஊரைச் சாய்த்திருந்தால் அது வேறு விஷயம். நீங்களாகப் போல்ட்டைக் கழற்றிப் பந்தல் கட்டியிருந்தாலும் வேறு விஷயம். அப்போது வாயை மூடிக்கொண்டு சொந்தச் செலவில் சரிசெய்துகொள்ளுங்கள், நியாயம் என்பது ரெண்டு பக்கத்துக்கும்தான்.

நான் கேட்பது இதுதான். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்து காட்டிய மண்ணில் பிறந்தவர்கள் நாம். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் நம் ஊர். மோட்டார் காயில் எரிந்தால் ரீவைண்டிங் கடைக்காரரிடம் கம்பியின் கேஜ் கேட்டு வம்பு பண்ணுகிறோம். பேரிங்கில் துளி சத்தம் வந்தால் கடையிலேயே சுற்றிப் பார்த்துவிட்டு, “இது வேண்டாம், வேற குடுங்க” என்கிறோம். இந்த வாய் ஷெட்காரரிடம் மட்டும் ஏன் அடைத்துப் போகிறது?

எனக்குத் தெரிந்து காரணம் சட்ட அறியாமை இல்லை. உறவு. ஷெட்காரர் மச்சானுக்குத் தெரிந்தவராக இருப்பார், அல்லது கோயில் கமிட்டியில் கூட இருப்பவராக இருப்பார். அதற்கு மேல் கௌரவம். ஏமாந்துவிட்டோம் என்பது ஊருக்குத் தெரிய வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே, நல்ல குடும்பத்துக்காரன் கோர்ட்டு வாசப்படி மிதிக்கமாட்டான் என்று காலங்காலமாய் ஊட்டி வளர்த்த பேச்சு. மூன்றும் சேர்ந்து உங்கள் தொண்டையைப் பிடிக்கின்றன. இந்த மூன்றையும் நம்பித்தான் அவர் மெல்லிசான தகடு போடுகிறார்! உங்கள் பெருந்தன்மை அவருக்கு லாபக் கணக்கில் ஒரு வரி. நீங்கள் விட்டுக்கொடுத்த அந்த ஷெட்டைப் போலவே இன்னொன்று அடுத்த மாசம் உங்கள் பக்கத்துத் தோட்டத்தில் எழும்பும். அதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

போதும். எழுந்திருங்கள்.

1986-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை மாற்றி, 2019-இல் புதுச்சட்டம் போட்டு, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இதில் உங்களுக்கு வேண்டிய சங்கதி நிறைய இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதே நியாயமற்ற வணிகம் என்கிறது சட்டம். பில்லில் கெடு எழுதியிருந்தால் அந்தக் கெடுவுக்குள், எழுதாவிட்டால் 30 நாளுக்குள் அவர் அதைச் செய்தாக வேண்டும். அப்புறம் பில்லின் அடியில் பொடி எழுத்தில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அடித்திருக்கிறதே, அதைப் பார்த்துத்தானே பாதிப் பேர் திரும்பி வருகிறோம்? அந்த வரி அச்சாபீஸ்காரர் போட்டது, பாராளுமன்றம் போட்டதல்ல. குறையுள்ள பொருளை உங்கள் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்க அது உதவாது.

கோர்ட்டுச் செலவுக்குப் பயப்படுகிறீர்களா? கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ஐம்பது லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். விற்றவர் புனேயில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற ஜில்லாவிலேயே வழக்குப் போடலாம். கோவைக்காரர் கோவையில், ஈரோட்டுக்காரர் ஈரோட்டில். இதைப் பழைய சட்டம் தரவில்லை, புதுச்சட்டம் தந்தது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை, உங்கள் வழக்கை நீங்களே பேசலாம். இணையத்தில் பதிவு செய்யவும் வழி வந்துவிட்டது. அதற்கு முன்னால் ஒரு போன் போட்டுப் பார்க்க நினைத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இங்கே ஒரு பழைய வழக்கைச் சொல்லியாக வேண்டும், நம் ஊர் சம்பந்தப்பட்டது. மகாராஷ்டிரத்தின் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற சிறுதொழில் நிறுவனம் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் ஒரு சி.என்.சி. மெஷின் வாங்கியது. தாமதமாக வந்தது, வந்ததிலும் குறை என்று நுகர்வோர் மன்றம் போனது. மாநில ஆணையம் இழப்பீடு தரச் சொன்னது. தேசிய ஆணையம் அதை ரத்து செய்தது. 1995-இல் உச்ச நீதிமன்றமும் வாங்கியவர் பக்கம் நிற்கவில்லை, பெரிய அளவில் வணிகத்துக்கு வாங்கியவர் இந்தச் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார் என்றது. தோற்ற வழக்கை ஏன் சொல்கிறேன் என்கிறீர்களா? அந்தத் தீர்ப்பேதான் சின்ன மனிதனுக்குக் கதவைத் திறந்து வைத்தது. சொந்தமாக ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவர், சொந்தமாக அடித்துப் பிழைக்க டைப்ரைட்டர் வாங்குகிறவர், இவர்களெல்லாம் நுகர்வோரே என்று உதாரணம் காட்டிச் சொன்னது. அப்படியென்றால் பத்து ஆடு கட்டத் தானே ஷெட் போட்டவர்? சொந்தக் கையால் நாலு தறி ஓட்டுகிறவர்? அவர்களும் வாதாட அதிலேயே இடம் இருக்கிறது. முந்நூறு பேரை வைத்துப் பனியன் கம்பெனி நடத்துகிறவர் மட்டும் சிவில் கோர்ட்டு வழியைப் பார்க்கட்டும்.

விவசாயிக்கு இன்னும் உறுதியான துணை இருக்கிறது. ஆந்திராவில் தேசிய விதைக் கழகத்தின் விதையை வாங்கி விதைத்து விளைச்சல் கெட்டுப்போனவர்கள் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார்கள். ‘இது வணிக நோக்கம், தவிர விதையை ஆய்வகத்துக்கும் அனுப்பவில்லை’ என்று கழகம் உச்ச நீதிமன்றம் வரை வாதாடியது. 2012 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. விவசாயி நுகர்வோர்தான், வாங்கிய விதையை எல்லாம் விதைத்துவிட்டவர் சாம்பிளுக்கு எங்கே போவார் என்ற நியாயத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மானியத்தில் பசுமைக்குடில் போட்டு, 200 மைக்ரான் என்று சொன்ன பாலித்தீன் ஷீட் ஒரே வெயிலில் பொடிப்பொடியாக உதிர்ந்துபோன வெள்ளரிக்காரரும் குடைமிளகாய்க்காரரும் இந்தத் தீர்ப்பை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் ஷெட் விதை இல்லை. சாம்பிள் கண்ணெதிரே கிடக்கிறது. கிழிந்த தகடு, உருவிக்கொண்ட ஸ்க்ரூ, வெல்டிங் விட்ட குழாய், ஒன்றையும் பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள்! இடம் அடைக்கிறதே என்று வீட்டில் திட்டுவார்கள், திட்டட்டும். கொட்டேஷனில் 0.5 மில்லிமீட்டர் தகடு என்று எழுதியிருக்கிறதா? எடுத்து அளந்து பாருங்கள். கோயம்புத்தூரில் மைக்ரோமீட்டர் இல்லாத தெரு எது, லேத் பட்டறையில் வேலை செய்யாத தங்கச்சி பையன் எந்த வீட்டில் இல்லை? அளவு குறைந்தால் போட்டோ எடுங்கள். ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டிவந்து பார்க்கவைத்துக் கையெழுத்தோடு அறிக்கை வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய ‘சரி பண்ணித் தரேங்க’ எல்லாம் சாட்சிதான், அழித்துவிடாதீர்கள். மின்னணுப் பதிவுக்கு ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டியிருக்கும், அதை ஆணையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பில் பற்றி ஒரு வார்த்தை, கொஞ்சம் கசக்கும். “பில் போடாம குடுத்தா ஜிஎஸ்டி மிச்சமுங்க” என்றதும் நம்மில் பலர் தலையாட்டுகிறோம். வரி மிச்சம் என்று நினைக்கிறீர்கள். அவர் மிச்சம் பிடித்தது உங்கள் கையில் இருந்திருக்க வேண்டிய ஆதாரத்தை. பில் தர மறுப்பதும் சட்டப்படி நியாயமற்ற வணிகம்தான். ஆனால் நீங்களே வேண்டாமென்றால்? அப்படி வாங்கியவர்கள்கூட முழுக்க நம்பிக்கை இழக்க வேண்டாம். வங்கி வழியாகப் போன பணத்துக்குக் கணக்கு இருக்கும், ஜிபேயில் போனதற்கும் இருக்கும். அடுத்த முறையாவது பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

“கட்டிடம்னா அது பொருள் இல்லீங்களே, சேவையும் இல்லீங்களே” என்று குழப்புகிற ஆளும் உண்டு. 1993-லேயே லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. வீடு கட்டித் தருவதும் சேவையே என்றது. குடிமகனை அலைக்கழித்ததற்கான நஷ்டஈட்டை அதற்குக் காரணமான அலுவலர்களிடமிருந்தே பிடிக்கச் சொன்னது. அரசு அமைப்புக்கே அந்தக் கதி! 2019-இல் பயனியர் அர்பன் வழக்கில் இன்னும் ஒரு படி. குர்கானில் அடுக்ககம் கட்டிய கம்பெனி, தாமதத்துக்குப் பிறகு, ‘இப்போது தயார், எடுத்துக்கொள்’ என்றது. வாங்கியவர், ‘வேண்டாம், காசைக் கொடு’ என்றார். ஒப்பந்தமே ஒருபக்கச் சாய்வு என்று சொல்லி, 10.7 சதவீத வட்டியோடு பணத்தைத் திருப்பித் தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. உங்கள் ஷெட்காரர் உச்ச நீதிமன்றத்தைவிடப் பெரியவரா?

அவருடைய பெரிய ஆயுதம் நாள் கடத்துவது. “அடுத்த வாரம் ஆள் அனுப்பறேன்”, “தீவாளி முடியட்டும்”, “பையனுக்குக் கல்யாணமுங்க”. வழக்குப் போட உங்களுக்கு இருப்பது ரெண்டு வருஷம். அது அவருக்கும் தெரியும். நீங்கள் வழக்குப் போட்டுவிட்டால் கடிகாரம் அவர் பக்கம் திரும்பும். பதில் தர 30 நாள், மேற்கொண்டு 15 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும், ஆய்வகச் சோதனை வேண்டியிருந்தால் ஐந்து மாதம் என்பது சட்டம். நடப்பில் இழுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன், நாலைந்து வாய்தாவுக்குப் போக மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். தோற்றவர் மேல்முறையீடு போவதென்றால் தரச்சொன்ன தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். உத்தரவை மதிக்காமல் இருந்தால் ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதமோ, ரெண்டுமோ. சும்மா இல்லை.

இந்த ஊரில் தனியாள் கேட்டு என்ன ஆகும் என்று முணுமுணுப்பவர்கள் கோயம்புத்தூர் கன்ஸ்யூமர் காஸ் அமைப்பைப் பாருங்கள். அதன் செயலாளர் கதிர்மதியோன் வருஷக்கணக்காகத் தகவல் உரிமைச் சட்டத்தையும் நுகர்வோர் சட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டு வருகிறார்.

ஆகவே இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். எந்தத் தேதியில், என்ன அளவில், எவ்வளவுக்குப் பேசினோம், எப்போது எவ்வளவு கொடுத்தோம், எப்போது என்ன உடைந்தது, எத்தனை முறை சொன்னோம், எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். திட்ட வேண்டாம், சாபம் விட வேண்டாம். 15 நாளுக்குள் ஷெட்டை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர வேண்டும், தவறினால் ஆணையத்துக்குப் போவேன் என்று முடித்துக் கையெழுத்துப் போடுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கிற மாதிரி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். கடிதம் சேர்ந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ போன் வரும். “ஏனுங்க, நம்மளுக்குள்ள எதுக்குங்க லெட்டரெல்லாம்? நேர்ல வந்து பேசியிருந்தா முடிச்சிருக்கலாமுல்ல?” என்று குரல் தேனாக இருக்கும். மரியாதையாகவே பேசுங்கள். பேசியபடி எவ்வளவு தொகை, எந்தத் தேதி என்பதை இன்று சாயங்காலத்துக்குள் எழுதி அனுப்பச் சொல்லிவிட்டு போனை வையுங்கள்.