பழைய கோலும் புதிய கையும்

மேலை நாடுகளில் தூண்டிற்கோல் செய்யக் கற்க விழைவோர்க்குப் பட்டறிவு மிக்கோர் கூறும் அறிவுரை ஒன்று உண்டு. புதுக்கோலைத் தொடங்குமுன் பழங்கோல் ஒன்றைப் புதுப்பித்துப் பார் என்பதே அது. எளிய அறிவுரைதான், ஆயினும் அதனுள் ஓர் அறவினா மறைந்து கிடக்கிறது. பிறர் உழைத்து முடித்த பொருளைத் தன் கல்வியின் பொருட்டுக் கலைத்தற்கு ஒருவனுக்கு உரிமை உண்டா?

கோலின் அமைப்பை அறிந்தாலன்றி இவ்வினாவின் ஆழம் விளங்காது. மூங்கிலைப் பிளந்து, முக்கோணமாகச் சீவிய ஆறு கீற்றுகளைப் பசையிட்டு இணைத்து அறுகோணக் கோலாக்குவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் செழித்த முறை இது. முதலில் கல்கத்தா மூங்கில் என வழங்கியது பயன்பட்டது. பின்னர்ச் சீனத்துக் குவாங்டோங் மாநில மூங்கில் அதனை வென்றது. 1931இல் மெக்ளூர் என்னும் தாவரவியலார் அதற்கு ‘அன்புக்குரியது’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயர் சூட்டினார். 1950இல் அமெரிக்கா சீன வணிகத்துக்குத் தடை விதித்தபோது அம்மூங்கிலின் வரத்து நின்றது. கண்ணாடி இழைக் கோல்கள் பரவின. மூங்கிற் கோல்கள் பரண் ஏறின.

அவற்றுள் ஒன்றை எடுப்பவன் முதலிற் செய்வது அழிவு வேலையே. பட்டுநூற் கட்டுகளை அறுக்கிறான், வளையங்களைக் கழற்றுகிறான், உலோகப் பூணை இளஞ்சூட்டில் நெகிழ்த்துகிறான், வெடித்த வார்னிஷை நீக்குகிறான். இங்கேதான் அவன் பொறுமை சோதிக்கப்படுகிறது. மூங்கிலின் வலிமை பெரிதும் புறத்தோலை ஒட்டிய இழைகளில் உள்ளது. பளபளப்பை விரும்பி மணல்தாளை அழுத்தித் தேய்ப்பானாயின், கோல் அழகு பெறும். வளைந்து நிமிரும் ஆற்றலை இழக்கும். பிறகு புதுநூலை இடைவெளியின்றிச் சுற்றி, மெல்லிய பூச்சுகளாக வார்னிஷ் இட்டு, ஒவ்வொன்றும் உலரும்வரை காத்திருத்தல் வேண்டும். வார்னிஷ் ஊறிய பட்டு, ஒளி ஊடுருவும் தன்மை பெறும். அடியில் விட்ட அழுக்கையும் காட்டிக்கொடுக்கும்!

பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியசின் கப்பல் பழைய கப்பல்தானா என்று மெய்யியலார் வாதிட்டதைப் புளூட்டார்க் குறித்துள்ளார். கோலைப் பொறுத்தவரை அவ்வினா கடினமானதன்று. மூங்கில் அதுவேயாயின் கோலும் அதுவே எனலாம். கடினமானது வேறு. பெயர்பெற்ற கலைஞரின் கோலைத் தொடாதே, மலிந்த தொழிற்சாலைக் கோலில் கைபழகு என்பர். விலை நோக்கில் இது சரி. ஆனால் பல தொழிற்சாலைகளில் நூல் சுற்றியவர்கள் பெயரறியாப் பெண்கள். பெயர் எழுதப்படாமையால் அவர்தம் உழைப்பு கைபழகும் பொருளாகிவிடுமா?

அதற்காகக் கோலைப் பரணிலேயே மக்கவிடுதல் அவ்வுழைப்புக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மீன் பிடிக்கவே அவர்கள் அதனைச் செய்தனர். கலைப்பவன் அதனைப் படித்துவிட்டுக் கலைக்க வேண்டும், அவ்வளவே. ஏடு பெயர்த்தெழுதுவோன் சிதைந்த இடத்தில் தன் கவிதையைச் செருகினால் ஏற்போமா? எனவே நூலை அறுக்குமுன் வளையங்களின் இடைவெளியையும், கட்டுகளின் நீளத்தையும், நூலின் நிறத்தையும் அவன் தாளில் குறித்துக்கொள்கிறான். பிடிக்கு மேலே மையால் எழுதிய எழுத்து இருப்பின் அவ்விடத்து வார்னிஷை மட்டும் தொடாது விடுகிறான். விற்க நேரின் புதுப்பித்த கோல் என்று சொல்லியே விற்கிறான். பின்னொரு நாள் தன் முதற் கோலுக்கு வளையங்களை எங்கெங்கு வைப்பதென அவன் தேடும்போது, கையில் எடுப்பது அந்தத் தாளைத்தான்.