மூச்சு சொல்லும் பொருத்தம்

யோகா பழகலாம் என்று தீர்மானித்தவர் முதலில் திகைத்து நிற்பது பெயர்களின் முன்னால்தான். அய்யங்கார் யோகா, அஷ்டாங்க வின்யாசா, சிவானந்தா யோகா, மனவளக்கலை, பவர் யோகா, யின் யோகா என்று பலகைகள் நீண்டுகொண்டே போகின்றன. நாற்பதைத் தாண்டியவர்களில் பலர் டாக்டர் சொல்லித்தான் இந்தப் பக்கம் வருகிறார்கள். சுகர், பிரஷர், கழுத்துத் தேய்மானம், இடுப்பு வலி என்று ஆளுக்கொரு காரணம். இளைஞர்கள் போனில் பார்த்த ஏதோ ஓர் ஆசனத்தின் அழகில் மயங்கி வருகிறார்கள். யாராக இருந்தாலும் கேட்பது ஒன்றுதான்: இத்தனையில் எது நல்லது, எனக்கு எது சரிப்படும்?

பல வருடங்களாக இந்தக் கேள்வியை மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கிடைத்த தெளிவான பதில் ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது.

திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1888-ல் கர்நாடகத்தின் சித்ரதுர்கா பகுதியில் பிறந்தவர். 1933-ல் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தத் தொடங்கினார். அங்கே அவர் முன் நின்றவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள், வாலிபர்கள். ஓரிடத்தில் நிற்காத வயது. அவர்களுக்கு அவர் தந்த பாடமும் அப்படியே இருந்தது. தாவிப் பின்னே போவது, தாவி முன்னே வருவது, ஒவ்வோர் அசைவையும் ஒரு மூச்சோடு சேர்த்துக் கட்டுவது. பட்டாபி ஜோயிஸ் பன்னிரண்டு வயதில், 1927-ல், ஹாசனில் அவருடைய செயல்விளக்கத்தைப் பார்த்து மலைத்துப் போய் அவரிடமே சேர்ந்தவர். பிற்பாடு மைசூரில் 1948-ல் தனியாகப் பள்ளி தொடங்கி, வரிசை மாறாத பயிற்சியாக அந்தப் பாடத்தை நிலைநிறுத்தினார். இன்று அஷ்டாங்க வின்யாசா என்று உலகம் சொல்வது இதைத்தான்.

அதே மைசூருக்கு வந்து சேர்ந்த இன்னொரு பையன் பி.கே.எஸ். அய்யங்கார். 1918-ல் ஊரெல்லாம் இன்புளுயன்சா பரவியிருந்தபோது பிறந்தவர். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று சிறு வயது முழுக்கப் படுக்கையோடு போராடியவர். அக்காவின் கணவர்தான் கிருஷ்ணமாச்சாரியார். 1937-ல், பதினெட்டு வயதில், பாடம் சொல்லிக்கொடுக்கப் புனேவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே பக்கத்தில் குரு கிடையாது. வணங்காத தன் உடம்பையே பாடப்புத்தகமாக வைத்துக்கொண்டு, குதிகால் எங்கே பதிய வேண்டும், முழங்கால் சில்லு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அணு அணுவாகப் படித்தார். நாற்காலி, கயிறு, மரக்கட்டை, போர்வை, சுவர் என்று வீட்டில் கிடைத்ததையெல்லாம் துணைக்கு வைத்துக்கொண்டார். 1966-ல் சுமார் 600 படங்களோடு வெளிவந்த 'லைட் ஆன் யோகா' அந்த உழைப்பின் பலன். நோயாளியாக வளர்ந்த ஒருவரிடமிருந்துதான் நோயாளிக்கும் கைகொடுக்கிற முறை வந்தது என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை.

மூன்றாவதாக ஒரு பெண். ரீகாவில் 1899-ல் பிறந்த யூஜெனி பீட்டர்சன். பிற்காலத்தில் இந்திரா தேவி என்ற பெயரில் அறியப்பட்டவர். பெண், அதிலும் வெளிநாட்டுக்காரர் என்று கிருஷ்ணமாச்சாரியார் முதலில் மறுத்துவிட்டார். மகாராஜா சொன்ன பிறகே சேர்த்துக்கொண்டார். பையன்களுக்குக் கொடுத்த தாவலையும் பாய்ச்சலையும் அவருக்குக் கொடுக்கவில்லை. மென்மையான பாடம், கடுமையான உணவுக் கட்டுப்பாடு. பிறகு, நீயே போய் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடு என்று அனுப்பியவரும் அவரே. அந்தப் பாடம் ஷாங்காய் வழியாக ஹாலிவுட் வரை போனது.

மூன்று மாணவர்கள், மூன்று முறைகள், குரு ஒருவர். கதை இத்தோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். மைசூர் யோகசாலை மூடப்பட்டது. 1950-களின் தொடக்கத்தில் கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்கு வந்தார். இங்கே அவரைத் தேடி வந்தவர்கள் பக்கவாதம் வந்தவர்கள், ஆஸ்துமாக்காரர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்கள். மைசூரில் கண்டிப்புக்குப் பேர்போன அதே மனிதர் சென்னையில் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, நாடி பார்த்து, மூச்சைக் கவனித்து, அவரவருக்கென்று பாடம் அமைத்தார். பிள்ளைப் பருவத்துக்கு வளர்ச்சி, குடும்பஸ்தருக்கு உடம்பைக் காத்துக்கொள்வது, முதுமைக்குத் தியானம் என்று வயதை ஒட்டிப் பயிற்சியின் நோக்கத்தையே மாற்றினார்.

அவருடைய மகன் தேசிகாசார் சொல்லிவந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அப்போது அவர் பொறியியல் முடித்த இளைஞர். ஒருநாள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. நியூசிலாந்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி இறங்கி ஓடிவந்து, குடுமியும் நாமமுமாக நின்ற அவர் தந்தையைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னார். வெகுகாலமாகத் தூக்கம் வராமல் தவித்தவர், முந்தைய இரவுதான் மாத்திரை இல்லாமல் தூங்கியிருக்கிறார். அப்பாவிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று அந்தக் கணத்தில் கேட்டுக்கொண்ட மகன், பொறியியல் வேலையை விட்டுவிட்டு அப்பாவிடம் மாணவனாக உட்கார்ந்தார். 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கியவர் அவர்தான். தந்தை நூறு வயதைக் கடந்து 1989-ல் சென்னையிலேயே காலமானார்.

இந்த வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டு வந்தால் ஒன்று விளங்கும். நாம் முறைகள் என்று பெயர் சொல்லி அழைப்பவை, ஓர் ஆசிரியர் தன் எதிரே இருந்த உடம்புக்குச் சொன்ன பதில்கள். சிவானந்தரை எடுத்துக்கொள்ளுங்கள். கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடையில் பிறந்து, மலேயாவில் டாக்டராக வேலை பார்த்து, ரிஷிகேசம் போனவர். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் பன்னிரண்டு ஆசனங்களை வரிசைப்படுத்தி, நடுநடுவே சவாசனத்தில் ஓய்வும் வைத்து உலகெங்கும் கொண்டுபோனார். அலுவலகமும் வீடுமாக அலைகிறவர்களுக்கு அந்த ஓய்வே பாதி மருந்து. கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷியின் எளிய முறை உடற்பயிற்சி இன்னும் இறங்கிவந்து பேசியது. கை, கால், மூச்சு, கண் என்று தொடங்குகிற அந்தப் பயிற்சிக்கு உடம்பு வளைய வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. ஊர் ஊராக மனவளக்கலை மன்றங்களில் விடியற்காலையில் வந்து உட்காருகிற இல்லத்தரசிகளையும் ஓய்வுபெற்றவர்களையும் பார்த்தால், யாரை மனதில் வைத்து அது அமைக்கப்பட்டது என்று கேட்கவே தோன்றாது.

ஆகையால் எது உயர்ந்த முறை என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். இன்னொருவர் பார்வைக்கு அளவெடுத்த மூக்குக் கண்ணாடி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் என் கண்ணுக்கு உதவாது. மிஞ்சியிருப்பது, எனக்கு எது சரிப்படும் என்ற இரண்டாவது பாதி. அதில்தான் நுட்பமான இடம் ஒன்று இருக்கிறது.

பிடித்திருப்பதைப் பொருத்தம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. பரபரப்பான ஆள் வேகமான வகுப்பைத் தேடிப் போய்ச் சேருகிறார். அவருடைய பரபரப்பு அங்கே இன்னும் கொஞ்சம் தீனி தின்கிறது. எதிலும் மந்தமாக இருப்பவர் படுத்தபடியே செய்கிற வகுப்பில் சுகம் காண்கிறார். போட்டி மனம் கொண்டவர் கண்ணாடி பதித்த ஹாலில் பக்கத்து விரிப்பைப் பார்த்துக்கொண்டே வளைகிறார். மூவருக்கும் அது பிடித்திருக்கிறது. மூவரும் வந்தபடியே திரும்பிப் போகிறார்கள். பிடிக்காதது எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பிடித்தலும் வெறுத்தலும் இந்த விஷயத்தில் நம்பத்தகுந்த ஆலோசகர்கள் இல்லை.

அப்படியானால் எதை நம்புவது? பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் இருநூறுக்குச் சற்றுக் குறைவு. அவற்றில் ஆசனம் எப்படி இருக்க வேண்டும் என்று விளக்குபவை மூன்றே மூன்று. எந்த ஆசனத்தின் படமும் அவற்றில் இல்லை. உறுதி, சுகம் என்ற இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே வைக்கப்படும் நிபந்தனை. உறுதி மட்டும் இருந்தால் அது மல்லுக்கட்டு. சுகம் மட்டும் இருந்தால் அது தூக்கம். இரண்டும் சேர்ந்திருக்கின்றனவா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கஷ்டம். உள்ளேயிருந்து சொல்ல மூச்சால் முடியும்.

திரிகோணாசனத்தைச் செய்து பாருங்கள். கால்களை அகட்டி, கைகளைப் பக்கவாட்டில் விரித்து, இடுப்பிலிருந்து வலப்பக்கம் சாய்கிறோம். அஷ்டாங்க வின்யாசாவில் கால் கட்டைவிரலைப் பிடித்து, மேலே உயர்ந்த கையைப் பார்த்தபடி ஐந்து மூச்சு நிற்பார்கள். அய்யங்கார் வகுப்பில் கை தரையை எட்டாவிட்டால் கணுக்காலுக்குப் பக்கத்தில் மரக்கட்டையை வைத்து அதன்மேல் கையை ஊன்றச் சொல்வார்கள். முதுகுக்குச் சுவரும் துணை வரும். கிருஷ்ணமாச்சாரியாரின் சென்னை வழியில், மூச்சை விட்டபடி சாய்ந்து, இழுத்தபடி எழுந்து, சில தடவை போய்வந்த பிறகே தங்கச் சொல்வார்கள். முழங்கால் கொஞ்சம் மடங்கினால் மடங்கட்டும் என்பார்கள். மூன்றும் சரியான வழிகள்தான். ஆனால் எந்த வழியில் செய்தாலும், கையை இன்னும் ஓர் அங்குலம் கீழே கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை வருகிற நொடியில் உங்கள் தொண்டையைக் கவனியுங்கள். மூச்சு அங்கே சட்டென்று நிற்கும். தாடை இறுகும். உறுதியும் சுகமும் பிரிகிற இடம் அதுதான். அதற்கு அரை அங்குலம் முன்னால் இருப்பது உங்கள் ஆசனம். அதைத் தாண்டியது உங்கள் ஆசை.

சென்னையில் ஒரு வகுப்பில் கண்டதைச் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள். பருத்திச் சுடிதார், இறுகிப்போன தோள்பட்டை. ஆசிரியை எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். "மூச்சை இழுத்துக்கிட்டே கையைத் தூக்குங்கம்மா. மூச்சு எங்க நிக்குதோ அங்க கையும் நின்னுடட்டும்" என்றார். கை நெற்றிக்கு மேல் போகவில்லை. "இவ்வளவுதான் வருதும்மா" என்று அந்த அம்மாள் கூச்சத்தோடு சொன்னார். "இன்னைக்கு இவ்வளவு போதும். இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்க. மூச்சுச் சத்தம் மட்டும் எனக்குக் கேக்கணும்." நாலைந்து தடவைக்குள் மூச்சு நீண்டது. முகத்தில் இருந்த சுளிப்பு போனது. கை கொஞ்சம் உயர்ந்ததா என்று நான் கவனிக்க மறந்தேவிட்டேன். அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அந்த அம்மாள் செய்ததற்கு என்ன பெயர் என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. எந்தப் பலகையிலும் எழுத முடியாத ஒரு முறை அது. நாளைக்குத் தோள் தளர்ந்தால் அதுவும் மாறிவிடும். இருபதில் ஒத்துப்போன பயிற்சி பிரசவத்துக்குப் பிறகு ஒத்துவராது. காய்ச்சலில் எழுந்த வாரத்தில் நேற்றைய பாடம் சுமையாகும். அய்யங்காரே முதிர்ந்த வயதில், தான் உருவாக்கிய துணைக்கருவிகளில் சாய்ந்தபடி பயிற்சியைத் தொடர்ந்தார். ஒருமுறை கண்டுபிடித்துப் பத்திரப்படுத்திக்கொள்ளக்கூடிய பொருத்தம் என்று ஒன்று கிடையாது. தினமும் விரிப்பில் நிற்கும்போது புதிதாகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதை யோசித்துக்கொண்டே வந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எனக்கு எது சரிப்படும் என்று தேடுவதை யோகாவுக்கு முந்தைய வேலையாக நாம் நினைக்கிறோம். சரியான வகுப்பைப் பிடித்துவிட்டால் அதன் பிறகு யோகா தொடங்கும் என்று நம்புகிறோம். ஆனால் நேற்றைய பெருமையையும் நாளைய ஆசையையும் ஒதுக்கிவிட்டு, இன்றைக்கு இந்த உடம்பு எப்படி இருக்கிறது, இந்த மூச்சு எவ்வளவு நீள்கிறது என்று உள்ளபடி பார்ப்பதைவிட யோகா வேறு எதைக் கேட்கிறது? பதஞ்சலி சொல்லும் யோகத்தின் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது, பிராணாயாமம் நான்காவது. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை அந்த வரிசையிலேயே வைக்கிறார். ஆசனத்தில் மூச்சைப் பார்க்கப் பழகியவருக்கு அடுத்த படி தானாகத் தெரிகிறது. தேடல் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததே பயிற்சி. அது தொடங்கிவிட்டவர்களுக்கு எந்தப் பலகையின் கீழே நுழைந்தாலும் நஷ்டமில்லை. தொடங்காதவர்களுக்கு உலகத்தின் மிகச் சிறந்த பள்ளியும் உடற்பயிற்சிக் கூடம்தான்.

அதற்காக ஆசிரியர் யாராக இருந்தாலும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. தொடக்கத்தில் நம் மூச்சு நமக்கே கேட்காது. கேட்கவைக்க ஒருவர் வேண்டும். போனில் பார்த்துச் செய்வதில் இருக்கிற குறை அதுதான். திரையில் இருப்பவரை நாம் பார்க்கிறோம், அவர் நம்மைப் பார்ப்பதில்லை. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் தலைகீழாக நிற்கும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். முதுகெலும்பில் டிஸ்க் விலகியவர்கள் குனிகிற ஆசனங்களில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள எதிரே ஓர் ஆள் வேண்டும்.

எனவே சேரப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. முதல் நாளே உங்கள் உடம்பைப் பற்றி ஆசிரியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். செய்துகொண்ட ஆபரேஷன், சாப்பிடுகிற மாத்திரை, பழைய அடி எல்லாவற்றையும். அவர் அதைக் காதில் வாங்கி உங்களுக்கென்று ஒன்றிரண்டு மாற்றமாவது செய்தால், முறையின் பெயர் எதுவாக இருந்தாலும் சில மாதங்கள் அங்கேயே இருங்கள். வாரத்துக்கு ஒரு வகுப்பு மாறாதீர்கள். நீங்கள் சொன்னதைக் கேட்காமல் எல்லோரோடும் சேர்ந்து செய்யச் சொன்னால், கட்டிய பணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வேறு இடம் பாருங்கள்.