புரி க்ஷேத்திரத்துக் கோடைத் திருவிழாவும் குழந்தைகளும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

 

‘உத்ஸவம்’ என்னும் வடசொல்லுக்கு, பிறவித் துயரினின்றும் உயிர்களை மேலே தூக்கிவிடுவது என்று ஆகமம் வல்ல பெரியோர் பொருள் உரைப்பர். கூட்டத்தின் நடுவே எம்பெருமானைக் காண இயலாத சிறு குழந்தையைத் தகப்பன் தோளில் தூக்கிக் காட்டுகிறான் அல்லவா? அந்தச் செயலே இச்சொல்லுக்கு நாம் கண்ணாற் காணும் உரையாகும். ஆனால் தூக்கிக் காட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா என்பதே இங்குச் சிந்திக்க வேண்டிய விஷயம்.

திருவிழாவிற்குக் குழந்தைகளை அழைத்து வருகிறோம். பலூன் வாங்கித் தருகிறோம், பொரிகடலை வாங்கித் தருகிறோம். ஸந்நிதியின் முன்னே வந்ததும், “பேசாதே, கும்பிட்டுக் கொள்” என்கிறோம். குழந்தையோ பேசாதிருக்கும் பிறவி அன்று. ஏன், எதற்கு என்று கேட்கும் பிறவி. ஒரு கேள்விக்கு மறுமொழி இல்லாவிடில் அடுத்ததைக் கேட்கும். பத்துக் கேள்விகளுக்கும் மறுமொழி இல்லாவிடில் கேட்பதையே விட்டுவிடும். கேட்பதை விட்ட குழந்தை, வளர்ந்தபின் கோயிலுக்கு வருவதையும் விட்டுவிடுமேயானால் குறை யாருடையது? ஆகையால், குழந்தைகளின் கேள்விகளுக்கென்றே அமைந்தது போல் விளங்கும் ஒரு கோடைத் திருவிழாவை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

கீழ்க்கடற்கரையில், ஒடிசா மாநிலத்தில், மஹோததி எனப்படும் பெருங்கடலின் ஓரத்தில் விளங்குவது ஸ்ரீபுருஷோத்தம க்ஷேத்திரமாகிய புரி. நூற்றெட்டுத் திருப்பதிகளுள் எண்ணப்படாவிடினும், நம் ஸம்பிரதாயத்தோடு நெருங்கிய உறவு கொண்ட திவ்விய ஸ்தலம் அது. இப்போதுள்ள பெருங்கோயிலை 12ஆம் நூற்றாண்டில் எடுப்பிக்கத் தொடங்கிய அனந்தவர்ம சோடகங்கன் ஒரு சோழ அரசகுமாரியின் திருமகன். நம் உடையவர் எழுந்தருளிய இடம். அவருடைய அந்தரங்க சிஷ்யரான எம்பாரின் பெயர் கொண்ட மடமும் அங்கே எழுந்தது. அங்கே ஜகந்நாதன் தனித்து இல்லை. தமையன் பலபத்திரனும் தங்கை ஸுபத்திரையும் உடனிருக்க, ஒரு குடும்பமாகவே ஸேவை ஸாதிக்கிறான்.

அக்ஷய த்ருதீயை அன்று அங்குக் கோடை விழா தொடங்குகிறது. அதற்குச் சந்தன யாத்திரை என்று பெயர். மொத்தம் 42 நாட்கள். முதல் 21 நாட்கள் உத்ஸவ மூர்த்திகள் நரேந்திர புஷ்கரிணிக்கு எழுந்தருளி, நந்தா, பத்ரா என்னும் ஓடங்களில் நீராழி உலா வருகின்றனர். எஞ்சிய 21 நாட்கள் கோயிலுக்குள்ளேயே இவ்விழா நடைபெறுகிறது. வெயில் தாளாமல் நாம் குளிர்ந்த நீரை நாடுகிறோம், அவனும் நாடுகிறான். “பெருமாளுக்கும் வேர்க்குமா?” என்று குழந்தை கேட்டால் அது பரிஹாஸத்துக்குரிய கேள்வியன்று. அந்த 42 நாள் உத்ஸவமும் அக்கேள்விக்கு ஊரார் கூடிச் சொல்லும் விடையே ஆகும்.

அதே அக்ஷய த்ருதீயையில்தான் தேர்ப்பணியும் தொடங்குகிறது. ஆண்டுதோறும் தேர்கள் புதிய மரத்தால் புதிதாகவே செய்யப்படுகின்றன. ஜகந்நாதனின் நந்திகோஷத்துக்கு 16 சக்கரங்கள். பலபத்திரனின் தாலத்வஜத்துக்கு 14. ஸுபத்திரையின் தர்ப்பதலனத்துக்கு 12. கூட்டிப் பார்க்கச் சொன்னால் 42 என்று குழந்தை சொல்லும். சந்தன யாத்திரையின் நாட்களும் அத்தனையே என்று நாம் எடுத்துக் காட்டலாம். பரம்பரைத் தச்சர்கள் பெருவீதியோரத்தில் மரத்தை இழைத்துச் சக்கரம் கோப்பதைச் சிறுவர்கள் நின்று பார்ப்பார்கள். பார்த்ததைத் தாங்களே செய்தும் பார்ப்பார்கள். ரதயாத்திரை நாட்களில் அந்நாட்டுக் குழந்தைகள் சிறு தேர் செய்து, அதில் மூவரையும் எழுந்தருளச் செய்து, கயிறு கட்டித் தெருவில் இழுத்துச் செல்லும் வழக்கம் உண்டு. பெரியோர் செய்யும் கைங்கரியம் அவர்களுக்கு விளையாட்டாகிறது. அவ்விளையாட்டே பின்னாளில் கைங்கரியமாகிறது.

ஆனி மாதத்தை ஒட்டி வரும் ஜ்யேஷ்ட பௌர்ணமியில் ஸ்நான யாத்திரை. மூவரும் கர்ப்பகிருஹத்தை விட்டு வெளியே ஸ்நான மண்டபத்துக்கு எழுந்தருளி, ஊரார் அனைவரும் காணும்படி 108 குடம் தீர்த்தத்தால் திருமஞ்சனம் கொண்டருளுகின்றனர். அன்றே யானை முகம் கொண்ட அலங்காரம். தன் இஷ்டதெய்வமான விநாயகரையே காண விரும்பிய ஓர் அடியவருக்காக எம்பெருமான் அவ்வடிவில் தோன்றினான் என்பது அங்கு வழங்கும் வரலாறு.

அதன்பின் நிகழ்வதுதான் இவ்விழாவின் உயிர்நிலை. 108 குடம் நீராடியதால் ஜகந்நாதனுக்கு ஜ்வரம் வந்துவிடுகிறது! பதினைந்து நாட்கள் ஸேவை இல்லை. அநஸரம் என்று அதற்குப் பெயர். பண்டு அவனை மலைக்காட்டில் வழிபட்ட சபரர் தலைவன் விச்வாவஸுவின் வழிவந்தோராகக் கருதப்படும் தைத்தர்கள் அருகிருந்து பணிவிடை செய்கின்றனர். மூலிகைத் தைலமும் மருந்தும் பழங்களும் ஸமர்ப்பிக்கப்படுகின்றன. ஸந்நிதியில் வண்ணம் தீட்டிய பட ஓவியங்களே வழிபாடு ஏற்கின்றன. அந்நாட்களில் யாத்திரிகர் பலர் பிரம்மகிரியில் உள்ள அலார்நாதர் கோயிலுக்குச் செல்கின்றனர். ஆழ்வார்களின் நாதன் என்பதே அப்பெயராயிற்று என்று சொல்வாரும் உண்டு. அங்குக் கிடைக்கும் பாயஸப் பிரஸாதத்தைக் குழந்தைகள் மறப்பதில்லை.

இங்கேதான் குழந்தை கேட்கும்: “சுவாமிக்குக் காய்ச்சல் வருமா?”

இக்கேள்விக்கு இருவகை மறுமொழிகள் சொல்லப்படுகின்றன. “சும்மா ஒரு ஐதீகம், அவ்வளவுதான்” என்பது ஒன்று. “அப்படியெல்லாம் கேட்கக் கூடாது, தப்பு” என்பது மற்றொன்று. இரண்டும் குழந்தைக்குப் பயன்படா. முன்னது, பெரியவர்கள் தாங்கள் நம்பாததைச் செய்கிறார்கள் என்று கற்பிக்கிறது. பின்னது, பெருமாள் கேள்விக்கு அஞ்சுபவர் என்று கற்பிக்கிறது.

சாஸ்திரம் கூறுவது யாது? எம்பெருமானுக்குக் கர்மம் இல்லை. கர்மத்தால் விளையும் நோயும் இல்லை. அவன் திருமேனி நம் உடலைப் போன்று பஞ்சபூதங்களால் ஆன தன்று. இது ஸித்தாந்தம், இதில் ஐயமில்லை. ஆயினும் அவனே யசோதைப் பிராட்டியின் கையில் கயிற்றால் கட்டுண்டான். கட்டுப்படாதவன் கட்டுண்டது கயிற்றின் வலிமையால் அன்று, அவன் திருவுள்ளத்தால். அர்ச்சாவதாரத்தில் அவன் அர்ச்சகபராதீனனாய் இருக்கிறான். நாம் நீராட்டினால் நீராடுகிறான், ஊட்டினால் உண்கிறான், துயிற்றினால் துயில்கிறான். தன்னைக் காப்பாற்றும் பொறுப்பையே நம் கையில் கொடுத்துவிட்டு நிற்கும் எளிமைக்கு ஸௌலப்யம் என்று பெயர். பதினைந்து நாள் ஜ்வரம் என்பது அந்த ஸௌலப்யத்தின் எல்லை நிலம்.

இதனைக் குழந்தையின் மொழியில் சொல்ல இயலாதா? இயலும். “ஆம் கண்ணே, காய்ச்சல்தான். அவருக்கு யாரும் அதைக் கொடுக்க முடியாது. நாம் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டு அவரே வாங்கிக்கொண்டார்” என்று சொல்லுங்கள். இதில் பொய் ஒரு சொல்லும் இல்லை; ஸித்தாந்தத்துக்கு முரணும் இல்லை. தனக்குக் காய்ச்சல் வந்தபோது தாய் நெற்றியில் கைவைத்துப் பார்த்ததை அக்குழந்தை அறியும். அந்தக் கையைப் பெருமாளின் திருநெற்றிக்குக் கொண்டுபோக அதற்கு ஒரு கணம் போதும். வேதாந்தம் பல்லாண்டு கற்றவர்க்கும் அரிதான ஒன்று, அதாவது அவனிடத்தில் ‘என்னுடையவன்’ என்னும் பரிவு, அங்கே பிறந்துவிடுகிறது. விஷ்ணுசித்தர் பெரியாழ்வார் ஆனது இந்தப் பரிவினாலன்றோ!

பிள்ளை லோகாசாரியர் எம்பெருமானின் ஐந்து நிலைகளையும் நீர்நிலைகளுக்கு ஒப்பிட்டு அருளிச்செய்த உவமையைப் பெரியோர் அறிவர். அந்தர்யாமித்வம் நிலத்தடி நீர் போன்றது; தோண்டுவார்க்கே கிட்டும். அவதாரங்கள் பெருக்காறு போல ஓடிவிட்டன. அந்த ஆறு வற்றியபின்னும் நமக்கென்று தேங்கி நிற்கும் மடுவே அர்ச்சாவதாரம். கோடையில் தாகித்த குழந்தை ஆழக் கிணறு வெட்டுமா, பாற்கடலைத் தேடிப் போகுமா? கைக்கெட்டும் மடுவிலே அள்ளிக் குடிக்கும்.

“இவையெல்லாம் பாமரர்க்கு; கற்றவர்க்கு முறையான பூஜையே வேண்டும்” என்று சிலர் நினைக்கக்கூடும். அவர்களுக்கு நம் உடையவரின் திவ்விய சரித்திரமே விடை கூறும். எம்பெருமானார் புரியில் பாஞ்சராத்திர ஆகமப்படி ஆராதனத்தைச் சீர்செய்யத் திருவுள்ளம் பற்றினார் என்றும், தன் பழைய பணியாளரின் வழிபாட்டை விட்டுப் பிரிய ஜகந்நாதன் இசையவில்லை என்றும், ஓர் இரவில் உடையவரைத் துயிலோடு ஸ்ரீகூர்ம க்ஷேத்திரத்துக்கு எழுந்தருளச் செய்துவிட்டான் என்றும் குருபரம்பரை வழியாகக் கேட்கிறோம். இது உடையவரின் பெருமைக்குக் குறைவன்று. தன்னைக் குடும்பத்தில் ஒருவனாகக் கொண்டு பேணுவோரை அவன் எவ்வளவு விரும்புகிறான் என்பது அவர் வாயிலாகவே உலகுக்கு வெளிப்பட்டது.

ஜ்வரம் நீங்கி நவயௌவன ஸேவை அளித்தபின், ஆஷாட சுக்ல த்விதீயையில் ரதயாத்திரை. மலர்க்கிரீடம் அசைய மூவரும் ஆடியாடி எழுந்தருளும் காட்சியைக் கண்ட குழந்தை தானும் ஆடத் தொடங்கும், தடுக்காதீர்கள். கஜபதி மன்னர் பொற்பிடித் துடைப்பத்தால் தேர்த்தட்டைப் பெருக்குவார். “ராஜா ஏன் பெருக்குகிறார்?” என்ற கேள்வி எழும். அவன் முன்னே அரசனும் வேலைக்காரனே என்று சொன்னால், சேஷத்வம் என்னும் தத்துவத்தை அக்குழந்தை கண்ணால் கற்றுவிடும்.

ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள குண்டிசா கோயிலுக்கு அவர்கள் விடுமுறைக்குச் செல்வதுபோல் செல்கின்றனர். பிராட்டியை விட்டுச் சென்றதால், ஹேரா பஞ்சமியன்று ஸ்ரீலக்ஷ்மி கோபத்தோடு அங்கு எழுந்தருளி நந்திகோஷத்தின் ஒரு பகுதியைச் சேதப்படுத்தித் திரும்புகிறாள். திரும்பும் வழியில் மாஸிமா எனப்படும் சிற்றன்னையின் கோயிலில் நின்று, அரிசியும் உளுந்தும் தேங்காயும் வெல்லமும் சேர்த்துச் சுட்ட போட பிட்டாவை அமுது செய்கின்றனர். வீடு திரும்பும்போது பிராட்டி கதவை அடைத்துவிடுகிறாள். ரஸகுல்லா ஸமர்ப்பித்துச் சமாதானம் செய்தபின்பே உள்ளே இடம் கிடைக்கிறது. நீராடல், காய்ச்சல், பயணம், சித்தி வீட்டுப் பலகாரம், ஊடல், சமாதானம்: குழந்தை தன் வீட்டில் காணாதது இதில் ஒன்றேனும் உண்டா?

இனி, திருவிழாவிற்குக் குழந்தைகளை அழைத்துச் செல்வோர்க்கு ஒரு விண்ணப்பம். தேர்க்கயிற்றைத் தொட வேண்டும் என்ற ஆவலில் நெருக்கடிக்குள் குழந்தையோடு புகுவது பக்தியாகாது. 2025ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று விடியற்காலையில் குண்டிசா கோயிலருகே ஏற்பட்ட நெரிசலில் மூவர் உயிரிழந்தனர். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் அடியார் கூட்டமே இன்றிப் பணியாளர்களே தேரிழுத்தனர். வீட்டிலிருந்து வணங்கியோரை ஜகந்நாதன் அடியார் அல்லர் என்று தள்ளவில்லை. தொலைவில், நிழலில், வெளியேற வழியுள்ள இடத்தில் நின்று ஸேவியுங்கள். அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். பெற்றோரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டைக் குழந்தையின் சட்டைப்பையில் வையுங்கள். மஹோததி புண்ணிய தீர்த்தமே. ஆயினும் புரியின் அலைகள் வலியவை. நோலியா எனப்படும் மீனவக் காவலர் சொல்லும் எல்லைக்குள்ளேயே குழந்தையின் கையை விடாமல் நீராடச் செய்யுங்கள். எம்பெருமான் தன்னையே நம்மிடம் ஒப்படைத்தது போலவே இக்குழந்தையையும் ஒப்படைத்திருக்கிறான். இதனைக் காப்பதும் திருவாராதனத்தில் ஓர் அங்கமே.

நெடிய நேரம் நிற்க முடியாமல் குழந்தை அழுதால் வைது அடக்காதீர்கள். ஸேவை அரை நிமிஷமே ஆனாலும் குறையில்லை. மஹாபிரஸாதத்தை வாங்கி, அங்கு வழங்கும் முறைப்படி ஜாதி பேதமின்றி எல்லோருடனும் அமர்ந்து உண்ணச் செய்யுங்கள். இரவில் உறங்கும் முன், “இன்று பெருமாள் என்ன செய்தார்?” என்று நீங்கள் கேளுங்கள், குழந்தை சொல்லட்டும். அது தப்பும் தவறுமாகச் சொல்லும் கதையையும் அவன் செவிசாய்த்துக் கேட்கிறான்.

புரியில் மட்டுமன்று, எந்த ஊரில் எந்த உத்ஸவமானாலும் இதுவே முறை. கோடை வெயிலும் கடற்காற்றும் தேரொலியும் குழந்தையின் நினைவில் தாமே தங்கிவிடும். அவற்றினூடே பெருமாளும் தங்க வேண்டுமாயின் நாம் மறுமொழி சொல்ல வேண்டும். தெரியாததைக் கோயிலில் உள்ளோரைக் கேட்டறிந்து சொல்லுங்கள். அர்ச்சகர்களாகிய நாங்களும் அதற்கென்றே இருக்கிறோம்.

வட்டப் பெருங்கண்களை இமையாமல் அகல விழித்துக் குழந்தைகளை நோக்கியிருக்கும் ஜகந்நாதன், இவ்வுத்ஸவத்துக்கு வந்த எல்லாக் குழந்தைகளுக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த கல்வியும் தன் திருவடிகளில் மாறாத பரிவும் தந்தருள்வானாக.

அடியேன், ராமாநுஜ தாஸன்.