யாருக்காகக் காத்திருக்கிறாய்?

துப்பறிவாளர் என்றதும் லண்டன் மூடுபனியில் பைப்போடு நிற்கும் ஷெர்லாக் ஹோம்ஸ்தானே உன் நினைவுக்கு வருகிறார்? அவர் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும். கனடாவுக்கு வா. அங்கே ஒரு கிரீ பழங்குடிக் குடியிருப்பு. ஓட்டம் நின்றுபோன பழைய ஸ்கூல் பஸ் ஒன்றைக் கோட்டையாக்கிக்கொண்டு நான்கு வாண்டுகள் துப்பறிகிறார்கள். சாம், ஓட்டர், ஆட்டிம், சிக்கடீ. ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். சேர்ந்து சிரிப்பதும், அடித்துக்கொள்வதும், ஊர் சுற்றுவதுமாக இருப்பதால் அவர்களுக்குப் பட்டப்பெயர் 'மைட்டி மஸ்க்ராட்ஸ்'.

மஸ்க்ராட் ஒரு நீர் எலி. பெருச்சாளியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் அதிகம். ஆனால் கிரீ மக்களின் பழங்கதையில், வெள்ளம் உலகத்தையே மூடியபோது பலசாலி விலங்குகள் முங்கித் தோற்றுப்போக, அடிவரை சென்று மண் எடுத்து வந்தது அதுதான். இனி எவராவது உன்னைச் 'சின்னப் பயல்', 'பொட்டைப் பிள்ளை' என்றால் சிரித்துவிட்டு வேலையைப் பார்!

இந்த நால்வரை வைத்து மைக்கேல் ஹட்சின்சன் எழுதிய நாவல் வரிசையில் முதலாவது 2019இல் வந்தது. ஊருக்கு வந்த தொல்லியல் ஆய்வாளர் காணாமல் போகிறார். படித்தவர், பெரியவர். தேடிக் கிளம்புவதோ நம் வாண்டுகள். அவர்களிடம் ஆய்வுக்கூடம் கிடையாது. பிறந்த மண் தெரியும், மனிதர்களைத் தெரியும். அது போதாதா? உன் தெருவைப் பற்றி உனக்குத் தெரிந்ததில் பாதி எந்த நிபுணருக்குத் தெரியும், சொல்!

இது வெறும் விளையாட்டுக் கதை என்று நினைத்துவிடாதே. 'உன் பாட்டன் அறிவு குப்பை, உன் மொழி பாவம்' என்று ஓர் அரசாங்கமே இந்தக் குழந்தைகளின் மூதாதையருக்குப் பாடம் நடத்தியது. சுமார் 1,50,000 பழங்குடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. அவற்றில் கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களில்தான். கனடாவின் பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்க 2008 ஜூன் 11 வரை ஆயிற்று. ஹட்சின்சன் மனிடோபாவின் மிசிபாவிஸ்டிக் கிரீ சமூகத்தைச் சேர்ந்தவர். 1960களில் எழுந்த நீர்மின் அணை அந்த ஊரின் பேராற்றுப் பாய்ச்சலையே விழுங்கிவிட்டது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒருவர் ஒப்பாரி வைத்திருந்தால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? அவரோ கலகலவென்று சிரிக்கும் நான்கு பிள்ளைகளைப் படைத்தார்.

அதே பிள்ளைகளை 2020இல் வந்த இரண்டாவது நாவலில் நகரத்துக்கு அனுப்புகிறார். தாத்தாவின் தங்கையை, சிறுமியாக இருந்தபோதே, பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அரசாங்கம் யாருக்கோ தத்துக் கொடுத்துவிட்டது. அவர் எங்கே? கேட்கத் துணிகிறாள் பேத்தி சிக்கடீ. பெரியவர்கள் விழுங்கிக்கொண்ட கேள்வியைக் கையில் எடுக்க எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! திருடனைப் பிடிப்பதைவிட இதுதான் பெரிய துப்பறிதல் என்பேன்.

உன் குடும்பத்திலும் யாரும் வாய் திறக்காத ஒரு பெயர் இருக்கும். உன் ஊரிலும் யாரும் எழுதி வைக்காத ஒரு சேதி இருக்கும். அதற்கென்று வெளியூரிலிருந்து எந்த ஹோம்ஸும் வரப்போவதில்லை. வளர்ந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே. அதற்குள் பதில் தெரிந்தவர்கள் போய்விடுவார்கள். ஒரு நோட்டை எடு. இன்றைக்கே உன் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து முதல் கேள்வியைக் கேள்.